கையெழுத்துக்கு முன்னால் கணக்கு: கோர்ட்டில் சண்டை போடாமல் விவாகரத்தை முடிப்பது

"இன்று முதல் நமக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதி, கணவனும் மனைவியும் கையெழுத்துப் போட்டு, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சாட்சிக் கையெழுத்து வைத்து, நோட்டரி முத்திரை குத்திய தாள் தமிழ்நாட்டில் பல வீட்டுப் பீரோக்களில் பத்திரமாக இருக்கிறது. அந்தத் தைரியத்தில் மறுமணமும் செய்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை மாற்றப் போகும்போதோ, முதல் கணவர் இறந்து குடும்ப பென்ஷனுக்கு இரண்டு பேர் விண்ணப்பிக்கும்போதோதான் அந்தத் தாள் செல்லாது என்பது தெரியவருகிறது. நோட்டரி சான்றளிப்பது கையெழுத்தை மட்டுமே. கல்யாணத்தை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, திருமணத்தைப் பதிவு செய்த சார்பதிவாளருக்கும் கிடையாது.

சில சமூகங்களில் ஊர் முன்னால் கல்யாண உறவை முறித்து அத்து விடும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு அதை இன்றும் காப்பாற்றுகிறது. ஆனால் அந்த வழக்கம் பழமையானது, இடைவிடாமல் நடந்து வருவது என்று நிரூபிக்கும் பொறுப்பு அதைச் சொல்பவர் தலையில் விழும். நிரூபிக்கவும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அப்படியானால் பஞ்சாயத்தில் முடித்ததால் மிச்சமானது என்ன?

ஆக, கோர்ட் வாசலையே மிதிக்காமல் விவாகரத்து வாங்க முடியாது. கோர்ட்டில் சண்டை போடாமல் வாங்க முடியும். வக்கீல்கள் "மியூச்சுவல் போட்டுக்கலாம்" என்று சொல்வது இதைத்தான்: இந்து திருமணச் சட்டம் 13பி, பரஸ்பர சம்மத விவாகரத்து. 1976 திருத்தத்தில் வந்த பிரிவு. இதில் நீதிபதி யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பதில்லை. இருவரும் சுயமாகச் சம்மதித்தார்களா, ஒரு வருஷமாவது பிரிந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். மற்ற எல்லாம் வெளியே முடிந்திருக்க வேண்டும். மியூச்சுவல் நடுவழியில் உடைவது பெரும்பாலும் இருவருக்கும் மனம் மாறியதால் அல்ல. யார் எதை முதலில் கொடுப்பது, எந்தத் தேதியில் கொடுப்பது என்பதை முன்கூட்டி எழுதாமல் விட்டதால்தான்.

எப்போது போடலாம்

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். மனு போடும் நாளில் குறைந்தது ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் வெவ்வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று பொருளில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான் என்று 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை வாடகையில் தனி வீடு பார்க்க முடியாதவர்களுக்கு இது முக்கியம்.

தனித் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 28ஆம் பிரிவு, நடைமுறை ஏறக்குறைய இதேதான். கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு. அதில் எழுதியிருப்பது இரண்டு வருஷப் பிரிவு. கேரள உயர் நீதிமன்றம் 2010இல் அதை ஒரு வருஷம் என்று குறைத்து வாசித்தது. முஸ்லிம்களுக்கு இருவரும் ஒப்புக்கொண்டு பிரியும் முபாரத் உண்டு. ஆனால் தனியார் ஷரியத் அமைப்புகள் தரும் குலா (மனைவி கேட்டு வாங்கும் விவாகரத்து) சான்று செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிற்காலத்தில் அரசு ஆவணம் எதற்காவது தேவைப்படும் என்றால் முபாரத்தையும் கோர்ட் உத்தரவாக்கி வைத்துக்கொள்வதே நல்லது.

மேசையில் யார் உட்காருவது

கணவன், மனைவி, ஆளுக்கொரு பெரியவர், ஆளுக்கொரு வக்கீல். ஆறு பேர் போதும். பன்னிரண்டு பேர் வந்தால் அது பேச்சுவார்த்தையாக இருக்காது, பழைய கல்யாண வீடாகிவிடும். "பந்தியில என் தம்பிய யாரும் சாப்பிடக்கூடக் கூப்பிடல" என்பதிலிருந்து ஆரம்பிக்கும். வருகிற பெரியவர் தாய்மாமனாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம். இந்தச் சம்பந்தத்தை முன்நின்று பேசி முடித்தவராக மட்டும் இருக்கக் கூடாது. அவருக்குத் தன் வாக்குப் போய்விட்டதே என்ற குறை. எந்த முடிவையும் அவரால் ஏற்க முடியாது.

"ரெண்டு பேருக்கும் நானே வக்கீல், செலவு மிச்சம்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். மனு ஒன்றாக இருக்கலாம், ஆலோசனை ஒன்றாக இருக்க முடியாது. மனைவிக்கு வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வக்கீல் கட்டணத்தை வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசாமல், டிகிரி (கோர்ட்டின் விவாகரத்து ஆணை) நகல் கைக்கு வரும்வரை மொத்தமாக இவ்வளவு என்று பேசி எழுதி வாங்குங்கள்.

உறவுக்குள் நடுநிலையான ஆள் கிடைக்காதபோது சமரச மையம் உதவும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005இல் தொடங்கியதுதான் இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம். இப்போது மாவட்டங்களிலும் இருக்கின்றன. அங்கே பேசியது வெளியே போகாது. பேச்சு முறிந்தாலும் அதை வழக்கில் சாட்சியமாக்க முடியாது. வழக்குப் போடும் முன்பே சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமாகவும் உட்காரலாம். லோக் அதாலத்தில் ஜீவனாம்சம் போன்ற குடும்பத் தகராறுகளை எடுப்பார்கள், விவாகரத்தை எடுக்க மாட்டார்கள். பலர் இதைத் தெரியாமல் ஒரு சனிக்கிழமையை வீணாக்குகிறார்கள்.

நகை

பணத்தைப் பேசும் முன் நகையை முடியுங்கள். நகை முடியாமல் பணம் முடியாது. பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடைய சொத்து, கணவர் வீட்டில் இருந்தாலும் அது ஒப்படைத்து வைத்த பொருள்தான் என்பது 1985இன் பிரதிபா ராணி தீர்ப்பு. எனவே திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பேசுவதற்கே இடமில்லை. எவ்வளவு என்பதுதான் பேச்சு.

"அம்பது பவுன் போட்டோம்" என்பது கல்யாணப் பேச்சில் சொன்ன கணக்கு. பில்லை எடுத்துக் கூட்டினால் நாற்பத்து மூன்று வரும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். கல் எடையோடு சேர்த்துச் சொல்லியிருப்பார்கள், அல்லது மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரத்தையும் செயினையும் சேர்த்திருப்பார்கள். அதனால் பவுனில் பேசாமல் கிராமில் பேசுங்கள், ஒரு பவுனுக்கு 8 கிராம். ஒரு தாளில் கோடு போட்டு எழுதுங்கள்: நகையின் பெயர், எண்ணிக்கை, மொத்த எடை, கல் நீக்கிய எடை, ஹால்மார்க் எண், யார் வீட்டில் போட்டது, இப்போது எங்கே இருக்கிறது. ஆரம், நெக்லஸ், வளையல், ஜிமிக்கி, மோதிரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பில் இல்லாததற்குக் கல்யாண ஆல்பம் இருக்கிறது. போட்டோவில் தெரியும் நகையைப் பேனாவால் வட்டமிட்டு எண் போட்டுவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசியாக எழுதிய "இப்போது எங்கே இருக்கிறது" என்பதில்தான் சிக்கல் எல்லாம் கிடக்கும். பழசைப் போட்டுப் புதுசு எடுத்திருப்பார்கள், சேதாரத்திலும் செய்கூலியிலும் எடை குறைந்திருக்கும். இடம் வாங்கும்போது விற்றிருப்பார்கள். வங்கியில் அடகில் இருக்கும். அடகு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மீட்க முடியும். எனவே மீட்க வேண்டிய தேதியை ஒப்பந்தத்தில் எழுதி, வட்டி யார் கட்டுவது என்றும் எழுத வேண்டும். அதற்குள் ஏலத்துக்குப் போய்விடாமல் இருக்கிறதா என்று வங்கியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். விற்றுவிட்ட நகைக்கு ரூபாயில் ஒரு தொகை எழுதினால், தங்கம் ஏறும்போது பெண் வீட்டாருக்கு வயிறு எரியும், இறங்கினால் மாப்பிள்ளை வீட்டாருக்கு. "பணம் கொடுக்கும் நாளின் சென்னை 22 காரட் விலையில் இத்தனை கிராமுக்கான தொகை" என்று எழுதுவதுதான் இருவருக்கும் சமம்.

ஒப்படைக்கும் நாளில் தராசு வைத்து எடை போட வேண்டும். தெரிந்த நகைக்கடையிலோ வக்கீல் அலுவலகத்திலோ வைத்துக்கொள்ளலாம், வீட்டில் வேண்டாம். ஒவ்வொரு நகையையும் தராசில் வைத்து, எடை எண் தெரியும்படி ஒரு போட்டோ. கடைசியில் பட்டியலின் அடியில் "மேற்கண்டவை எடை சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்று இரண்டு பிரதியில் கையெழுத்து.

தாலியைப் பற்றியும் முன்னாலேயே பேசிவிடுங்கள். தாலிப் பொன் மாப்பிள்ளை வீட்டுது, கொடி பெண் வீட்டுது என்பது சில வீட்டு வழக்கம். சில வீடுகளில் தலைகீழ். நாலு கிராம் பொன்தான். ஆனால் கடைசி நாளில் "தாலியக் கழட்டிக் குடு" என்று ஒரு வார்த்தை விழுந்தால் ஆறு மாதப் பேச்சும் போயிற்று. அதைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் மற்ற நகையோடு கலக்காமல் உறையில் போட்டு, வக்கீல் கையில் கொடுத்துவிடுவது நாகரிகம்.

சீர் சாமானில் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், பித்தளைக் குடம், குத்துவிளக்கு எல்லாம் இருக்கும். எடுத்துப் போக ஒரு நாள், ஒரு வண்டி, பக்கத்துக்கு ஒரு ஆள். மண்டபச் செலவைத் திருப்பிக் கேட்பவர்கள் உண்டு, ஆனால் அது எங்கும் போய்ச் சேராது. மொய் நோட்டை யாராவது மேசைக்குக் கொண்டு வந்தால் அன்றைய பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு எழுந்துவிடுவது உத்தமம்.

பணம்: எவ்வளவு, எப்போது

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஒரு படிவமே கொடுத்தது. வழக்கே போடாதவர்களும் அந்தப் படிவத்தை எடுத்து வீட்டிலேயே நிரப்பி மாற்றிக்கொள்ளலாம். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம் இணைத்துத்தான். இரண்டு தரப்பும் காகிதத்தை வைத்துப் பேசினால் தொகை தானாக ஒரு எல்லைக்குள் வந்து நிற்கும்.

2017இல் ஒரு வழக்கில், கையில் வரும் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது விதி அல்ல. மனைவிக்கு வேலை இருந்தால் குறையும், குழந்தை அவரிடம் இருந்தால் கூடும். பேச்சைத் தொடங்க ஒரு எண் வேண்டும் என்பதற்காக அதை வைத்துக்கொள்ளலாம். கையில் 60,000 வாங்குகிறவருக்கு மாதம் 15,000. மொத்தமாகக் கேட்கும்போது "பத்து வருஷத்துக்குப் போட்டு 18 லட்சம்" என்று பெண் வீட்டார் சொல்வார்கள். 18 லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டால் மாதம் 10,500 வரும், முதலும் அப்படியே இருக்கும். இந்த மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுப் பார்த்தால் தொகையின் கனம் தெரியும். மொத்தமாகவா மாதா மாதமா என்றால் மொத்தமே நல்லது. பிரிந்த பிறகும் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி ஒருவர் மற்றவரை நினைத்துப் பல்லைக் கடிப்பதில் லாபமில்லை. தவிர மனைவி மறுமணம் செய்தால் மாதத் தொகை நின்றுபோக வழி உண்டு. மொத்தத் தொகைக்கு அந்தத் தொல்லை இல்லை. குழந்தைக்கான செலவை மட்டும் மாதத் தொகையாக, வருஷத்துக்கு இத்தனை சதவீதம் உயர்வு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி எப்போது என்பது. முதல் நாள் மனு, ஆறு மாதம் கழித்து இரண்டாம் நாள் வாக்குமூலம். டிகிரி கிடைக்கும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்தால் கணவருக்குப் பயம். கடைசி நாள்தான் என்றால் மனைவிக்குப் பயம். மூன்றாகப் பிரிப்பது நடைமுறையில் நிற்கிறது: மனு ஏற்கப்படும் நாளில் ஒரு பங்கு, இரண்டாம் வாக்குமூலத்தன்று நீதிபதி முன்னால் ஒரு பங்கு, நிலுவையிலுள்ள கிரிமினல் வழக்கு ரத்தாகும் நாளில் மீதி. வழக்கு ஏதும் இல்லையென்றால் இரண்டு பங்கு போதும். ஒருவர் பின்வாங்கினால் வாங்கிய பங்கை எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தம்தான் பிறகு சந்தி சிரிக்கும்.

டிடி எடுக்கும்போது பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டிடியின் ஆயுள் மூன்று மாதம். நம்பிக்கைக்காக முதல் நாளே மொத்தத்துக்கும் டிடி எடுத்து வக்கீலிடம் வைத்துவிட்டால், ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் நீட்டும்போது அது செத்த தாள். புதுசு எடுக்க வேண்டும், அன்று கணவர் வெளியூரில் இருப்பார், வாய்தா போகும். ஒவ்வொரு பங்குக்கும் அந்தந்த வாரத்தில் எடுங்கள். டிடியில் பெயர் மனைவியின் வங்கிக் கணக்கில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். கணக்கில் அப்பாவின் இனிஷியலும் டிடியில் கணவர் பெயரும் இருந்தால் வங்கி திருப்பிவிடும். ரொக்கம் வேண்டவே வேண்டாம். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அது போக, "குடுத்தேன்", "வாங்கல" என்பதற்கு எந்த மத்தியஸ்தரிடமும் மருந்து கிடையாது.

வீடும் இடமும்

பணத்துக்குப் பதில் வீட்டை எழுதிக் கொடுப்பதாக இருந்தால், அதை டிகிரிக்கு முன்னால் செய்வதா பின்னால் செய்வதா என்பதில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. கணவன் மனைவி அந்தக் 'குடும்பம்' என்ற வரையறைக்குள் வருகிறார்கள். டிகிரி ஆன மறுநாள் அவர்கள் குடும்பம் இல்லை. அப்போது தீர்வை 7 சதவீதம், பதிவு 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பில் 60 லட்சம் வரும் வீட்டுக்கு முதல் வழியில் 50,000 ரூபாய், இரண்டாவது வழியில் 5,40,000.

ஆனால் நிபந்தனையில்லாத செட்டில்மென்ட் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவி சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் கணவர் வீட்டையும் இழந்து வழக்கிலும் நிற்பார். அதனால் பத்திரத்தை இரண்டாம் வாக்குமூலத்துக்கு முந்தைய நாள் வைத்துக்கொள்வது வழக்கம். சார்பதிவாளர் அலுவலக டோக்கனை ஆன்லைனில் ஒரு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். வில்லங்கச் சான்றையும் அந்த வாரத்திலேயே எடுத்துப் பாருங்கள். கூட்டாக வாங்கிய வீடு என்றால் ஒருவர் பங்கை மற்றவருக்கு விடுதலைப் பத்திரமாக எழுதலாம், தேதி விஷயம் அதற்கும் பொருந்தும்.

வீட்டுக் கடன் இருந்தால் கதை வேறு. "இனி இஎம்ஐ அவர் கட்டுவார்" என்று ஒப்பந்தத்தில் எழுதியது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் மூன்று மாதம் கட்டவில்லை என்றால் சிபில் மதிப்பெண் இருவருக்கும் விழும். இணைக் கடனாளியின் பெயரை நீக்க வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும், மீதமிருப்பவரின் சம்பளம் தனியாகவே அந்தக் கடனுக்குத் தாங்க வேண்டும். வங்கியின் எழுத்துபூர்வ பதில் வந்த பிறகே வீட்டை யாருக்கு என்று முடிவு செய்யுங்கள். தாங்கவில்லை என்றால் விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரிப்பதுதான் வழி, மனசுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும்.

குழந்தை

"குழந்தை அம்மாவிடம் இருக்கும், அப்பா பார்க்கலாம்" என்ற ஒரு வரியோடு முடிக்கும் ஒப்பந்தங்கள்தான் இரண்டு வருஷத்தில் மறுபடி கோர்ட்டுக்கு வருகின்றன. எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் கொண்டுவந்து விடுவது, எங்கே ஒப்படைப்பது. மாதத்தில் இரண்டாம், நான்காம் சனி காலை 10 முதல் ஞாயிறு மாலை 5 வரை என்று எழுதினால் புரியும். தீபாவளி ஒரு வருஷம் இங்கே, அடுத்த வருஷம் அங்கே. பொங்கலும் அப்படியே, ஆனால் மாற்றுச் சுற்றில். மே விடுமுறையில் சரிபாதி. வீடியோ கால் எத்தனை மணிக்கு. பரீட்சை வாரத்தில் என்ன செய்வது. பள்ளிக் கட்டணத்தை நேராகப் பள்ளிக்குக் கட்டுவதா, அம்மாவிடம் கொடுப்பதா. பள்ளி மாற்றினால், ஊர் மாறினால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவர் சம்மதமும் கேட்பார்கள், எனவே கையெழுத்துப் போட மறுக்கக் கூடாது என்று இப்போதே எழுதிவிடுங்கள். இனிஷியலை மாற்றுவதா வேண்டாமா என்பதையும்தான். ஒற்றை எழுத்துக்காக டிசியைக் கொடுக்காமல் இழுத்தடித்த தகப்பன்மார் உண்டு.

ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கும் என்கிறது இந்துக்களுக்கான 1956ஆம் வருஷத்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம். அதற்கு மேல் குழந்தையின் நலன்தான் அளவுகோல். அம்மா "குழந்தைக்கு எதுவும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது, அது குழந்தையின் உரிமை. பின்னால் கேட்கலாம். அதனால் "இனி எந்தக் காலத்திலும் கேட்க மாட்டோம்" என்ற வரியை நம்பித் தொகையைக் குறைத்துப் பேசும் கணவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்.

நிலுவை வழக்குகள்

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகார், குடும்ப வன்முறைச் சட்ட மனு, ஜீவனாம்ச மனு, 498ஏ (மனைவியைக் கணவரோ அவர் வீட்டாரோ கொடுமைப்படுத்தியதற்கான இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு) வழக்கு, சேர்ந்து வாழக் கோரும் மனு: எல்லாவற்றையும் எண்ணோடு பட்டியலிடுங்கள். மனுக்களைப் போட்டவரே வாபஸ் வாங்கலாம். 498ஏ, அல்லது 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா 85, மனைவி "வாபஸ்" என்று சொன்னால் முடிவதில்லை. தமிழ்நாட்டில் அது சமரசம் செய்துகொள்ள முடியாத குற்றம். உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும். சமரசமானால் திருமண வழக்குகளை ரத்து செய்யலாம் என்று 2003இல் பி.எஸ். ஜோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. மனைவி நேரில் அல்லது காணொலியில் வந்து, தன் விருப்பத்தில்தான் சமரசம் என்று சொல்ல வேண்டியிருக்கும். மாமனார், நாத்தனார் பெயர்கள் எதிரிகள் பட்டியலில் இருந்தால் ஒருவரைக்கூட விடாமல் எல்லோரும் ரத்து மனுவில் இருக்க வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் அந்த ஒருவர் மட்டும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டே இருப்பார். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் மீது தேடுதல் சுற்றறிக்கை இருந்தால், வழக்கு ரத்தான உத்தரவைக் கொடுத்து அதையும் நீக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்தில்தான் தெரியும்.

கோர்ட்டில் அந்த இரண்டு நாள்

கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி இப்போது வசிக்கும் ஊர் என்று வசதியான இடத்தில் போடலாம். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நீதிமன்றம். குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊர்களில் சார்பு நீதிமன்றம், அங்கே எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண அசல் மனு) எண் விழும். கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, பதிவுச் சான்று இருந்தால் அது, இருவரின் ஆதார், முகவரிச் சான்று, போட்டோக்கள், ஒப்பந்தத்தின் அசல். கணவர் முதல் மனுதாரர், மனைவி இரண்டாவது மனுதாரர் அல்லது மாற்றி. எதிர்மனுதாரர் என்று யாரும் கிடையாது. கோர்ட்டின் குடும்ப ஆலோசகரிடம் (கவுன்சிலர்) ஒருமுறை அனுப்புவார்கள். இருவரையும் தனித்தனியாகவும் பேச வைப்பார்கள். ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள், அது சம்பிரதாயம் மட்டும் அல்ல. சில ஜோடிகள் அந்த அறையிலிருந்து சேர்ந்தே திரும்பிப் போவதும் உண்டு.

மனுவில் பிரிந்த தேதியை எழுதும்போது கவனம். முன்பு போட்ட ஜீவனாம்ச மனுவில் ஒரு தேதி, மியூச்சுவல் மனுவில் வேறு தேதி என்றால் நீதிபதி கண்ணில் அதுதான் முதலில் படும். பிரிந்ததாகச் சொல்லும் தேதிக்கு ஒரு வருஷம் கழித்துக் குழந்தை பிறந்திருந்தால் இன்னும் மோசம்.

ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017 செப்டம்பரில் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கேட்டவுடன் கிடைப்பதல்ல. மனு போடும்போதே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும். சமரச முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும். பணம், குழந்தை, மற்றவை எல்லாம் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கு ஒரு வாரம் கழித்துத் தள்ளுபடி மனு போடலாம். நகையும் பணமும் பாதியில் நிற்கும்போது இதைக் கேட்டால் கிடைக்காது. கிடைக்காமல் போவது நியாயமும்கூட. தள்ளுபடி இல்லையென்றால் இரண்டாம் வாக்குமூலத்தை ஆறு மாதத்துக்கு மேல், பதினெட்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ இருப்பவர் பவர் பத்திரம் கொடுத்து மனுவைத் தாக்கல் செய்து, காணொலியில் வாக்குமூலம் கொடுக்கலாம். பவர் பத்திரம் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். அதை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் ஓடுவது அடிக்கடி நடக்கிறது.

டிகிரிக்குப் பிறகு

சான்றிட்ட நகலில் நாலு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவுடன் பெயர் எழுத்து, கல்யாணத் தேதி, கல்யாணம் நடந்த இடம் மூன்றையும் பத்திரிகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துப் பிழையை அதே கோர்ட்டில் ஒரு மனுவில் திருத்தலாம். பத்து வருஷம் கழித்து விசா நேர்காணலில் கண்டுபிடித்தால் கஷ்டம். மறுமணத்துக்கு 90 நாள் விட்டு நாள் குறிப்பது பாதுகாப்பு.

பி.எஃப்., எல்.ஐ.சி., வங்கிக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்டு எல்லாவற்றிலும் நாமினி பெயரைப் பாருங்கள். டிகிரி வந்ததால் அது தானாக மாறாது. கூட்டுக் கணக்கையும் லாக்கரையும் இருவரும் ஒரே நாளில் போய் மூடிவிடுங்கள். குடும்ப அட்டையிலிருந்து பெயரை எடுத்தால்தான் மற்றவர் புது அட்டை போட முடியும். கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் மனைவி பெயர் நீங்கும் தேதியை அவருக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள், இடையில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் தவிக்க வேண்டாம். கேஸ் இணைப்பும் மின் இணைப்பும் யார் போன் நம்பரில் இருக்கின்றன என்றும் பாருங்கள். சிலிண்டர் ஓடிபி இன்னும் பழைய வீட்டுக்காரர் போனுக்கே போய்க்கொண்டிருக்கும்.